‘லோல்’ குளிசைகளும் மயக்க மருந்தும்

பிறஷருக்கும் நெஞ்சு நோவுக்கும் கிளினிக்குகளில் கொடுக்கப்படும் குளிசைகளில் ஒரு வகைக்கு ‘பீற்றா தடுப்பு மருந்துகள்’ என்று பெயர். அற்றெனலோல், புறொப்பிரனலோல், மெற்றோபுறலோல், பைசோபுறலோல், காவெடிலோல் என்பன இவ்வகையைச் சேர்ந்தவை. இவற்றின் வாலைப் பாருங்கள். எல்லாம் ‘லோல்’ என்றே முடிகின்றன. உறையில் எழுதியிருக்கும் பெயர் அப்படி முடிந்தால் அது பெரும்பாலும் இந்த வகைதான் என்று அறிந்துகொள்ளலாம். காய்ச்சலுக்குப் போடும் பரசிற்றமோலும் முட்டுக்குக் கொடுக்கும் சல்பூற்றமோலும் ‘மோல்’ என்று முடிபவை. அவற்றை இதனோடு குழப்பக் கூடாது. சல்பூற்றமோல் செய்வது இதற்கு நேர் எதிரான வேலை.

இக்குளிசை போடும் ஒருவருக்குக் குடலிறக்கத்துக்கோ, பித்தப்பைக் கல்லுக்கோ, முறிந்த காலுக்கோ சத்திரசிகிச்சை என்று நாள் குறிக்கப்படுகிறது. உடனே வீட்டில் ஒரு கேள்வி எழுகிறது. “மயக்க மருந்து கொடுக்கப் போகிறார்கள். இந்த மருந்தை நிறுத்த வேண்டுமா? காலையில் ஒன்றும் சாப்பிடக்கூடாது என்றார்களே, குளிசையும் சாப்பாடுதானே?” இதற்கான விடையை முதலிலேயே சொல்லிவிடலாம். நாள்தோறும் போட்டுவரும் பீற்றா தடுப்புக் குளிசையை நீங்களாக நிறுத்தக்கூடாது. நீங்களாகப் புதிதாகத் தொடங்கவும் கூடாது. இரண்டினாலும் உயிராபத்து நேர்ந்ததுண்டு. ஏன் அப்படி என்பதை அறிந்தவர்கள் இலகுவில் மறக்கமாட்டார்கள் என்பதனால் காரணத்தைச் சற்று விரிவாகப் பார்ப்போம்.

குளத்து நீரும் இருதயமும்

பயம், நோ, கடும் வேலை, இரத்த இழப்பு ஆகிய நேரங்களில் எமது உடலில் அதிரனலின் என்னும் சுரப்பு பெருகுகிறது. அது இருதயத்தை விரைவாகவும் பலமாகவும் அடிக்கச் செய்கிறது. இறைப்பு மிசினின் திறாட்டிலைக் கூட்டிவிடுவது போன்றது இது. அதிரனலின் போய்ப் பொருந்துவதற்கென்று உடலின் கலங்களில் பூட்டுகளைப் போன்ற அமைப்புகள் உள்ளன. இவற்றில் இரண்டு வகை உண்டு என்று 1948ல் அமெரிக்காவின் ஜோர்ஜியாவைச் சேர்ந்த றேமண்ட் அல்குவிஸ்ற் என்ற ஆய்வாளர் எடுத்துக்காட்டி, அவற்றை அல்பா, பீற்றா எனப் பிரித்தார். இருதயத்தை ஓட்டுவது பீற்றாப் பூட்டு. அந்த நாளில் பலர் அவர் சொன்னதைப் பொருட்படுத்தவில்லை.

அதைப் பொருட்படுத்தியவர் ஸ்கொட்லாந்து நாட்டவரான ஜேம்ஸ் பிளாக். இருதயத்துக்குப் போகும் குருதிக் குழாய்கள் ஒடுங்கியவர்களுக்கு நெஞ்சு நோ வருவது, தேவைப்படும் அளவு ஒட்சிசன் இருதயத்துக்குப் போய்ச்சேராமையால்தான். அதுவரை வைத்தியர்கள் வரவைக் கூட்டவே வழி தேடினார்கள். பிளாக் அதை மறுபுறமாக யோசித்தார். வரவைக் கூட்ட இயலாவிட்டால் தேவையைக் குறைத்தால் என்ன? கமக்காரருக்கு இது புதிய யோசனை அல்ல. இரணைமடுவில் சிறுபோகத்துக்கு நீர் மட்டத்தைப் பார்த்துத்தானே விதைப்புப் பரப்பைத் தீர்மானிக்கிறார்கள்? இல்லாத நீரை நம்பி முழு வயலையும் விதைப்பவர் எவருமில்லை. பிளாக் செய்ததும் அதுதான். பீற்றாப் பூட்டில் அதிரனலின் பொருந்தாதபடி அடைத்துவிடும் ஒரு மருந்தைத் தேடினார். முதலில் கிடைத்த மருந்து எலிகளில் புற்றுநோயை உண்டாக்கியதால் கைவிடப்பட்டது. அதன் பின்பு 1964ல் புறொப்பிரனலோல் வெளிவந்தது. இதற்காகவும், வயிற்றுப் புண்ணுக்கான இன்னொரு மருந்துக்காகவும் 1988ல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

இம்மருந்து இருதயத்தை நிறுத்துவதில்லை. திறாட்டிலின் கீழ் ஒரு தடியைச் செருகி வைத்தது போல, ஓட்டம் ஓர் அளவுக்கு மேல் போகாமல் பார்த்துக்கொள்கிறது. அதனாற்றான் இதைப் போடுபவர்களின் நாடித்துடிப்பு நிமிடத்துக்கு ஐம்பது, அறுபது என்று மெதுவாக இருக்கும்.

நிறுத்தினால் என்ன?

பூட்டுகள் நாட்கணக்கில், மாதக்கணக்கில் அடைபட்டிருக்கும்போது உடல் சும்மா இருப்பதில்லை. அது புதிய பூட்டுகளைச் செய்கிறது. குளிசையைத் திடீரென நிறுத்தியதும் பழைய பூட்டுகளும் புதியவையும் ஒன்றாகத் திறக்கின்றன. வழமையான அளவு அதிரனலினே இப்போது இரு மடங்கு வேலையைச் செய்வதுபோல ஆகிவிடுகிறது. நாடி பாய்கிறது, பிறஷர் ஏறுகிறது, நெஞ்சு நோ திரும்பி வருகிறது. சிலருக்கு மாரடைப்பே ஏற்படுகிறது. நிறுத்திய சில நாட்களில் தொடங்கி இரண்டு கிழமை வரை இந்த ஆபத்து நீடிக்கலாம். அமெரிக்காவில் இம்மருந்துகளின் விபரத்தாளில் “திடீரென நிறுத்த வேண்டாம்” என்ற எச்சரிக்கை உண்டு.

சத்திரசிகிச்சை நாளில் இந்த ஆபத்து மேலும் கூடுகிறது. முதல் நாள் இரவு நித்திரையில்லை. கூடத்தின் வாசலில் பயம். மயங்கிய பின் மூச்சுக்குழாய்க்குள் குழாய் இறக்கும்போது உடல் அதை ஒரு தாக்குதலாகவே எடுத்துக்கொள்கிறது. நாமறியாமலே நாடியும் அமுக்கமும் குதிக்கின்றன. கத்தி படும்போது மீண்டும் குதிப்பு. கண்விழித்த பின் நோவும் குளிர் நடுக்கமும் வேறு. இத்தனையும் ஒரே நாளில். குளிசையை இரண்டு நாளுக்கு முன் நிறுத்திவிட்டு வந்தவர் இந்த வெள்ளத்தைக் கதவில்லாத வான்கட்டோடு எதிர்கொள்கிறார்.

வைத்தியர்களும் இதை உடனே அறிந்துகொள்ளவில்லை என்பதைச் சொல்லத்தான் வேண்டும். 1970களின் தொடக்கத்தில் அவர்களில் சிலர், மயக்க மருந்துக்கு இரண்டு கிழமைக்கு முன்பே இக்குளிசைகளை நிறுத்த வேண்டும் என்று எழுதினார்கள். மயக்க மருந்தும் இருதயத்தைத் தளர்த்தும், இதுவும் தளர்த்தும், இரண்டும் சேர்ந்தால் இருதயம் எழும்பாது என்பது அவர்களது பயம். நியாயமான பயம்தான். ஆனால், நிறுத்திய நோயாளிகளில் சிலர் சத்திரசிகிச்சைக்கு முன்பே நெஞ்சு நோவால் விழுந்தார்கள். 1973ல் ஒக்ஸ்போர்ட்டில் செட்றிக் பிறிஸ்-றொபேட்ஸும் அவரது கூட்டாளிகளும் பிறஷர் நோயாளிகளை மயக்க மருந்தின் கீழ் உன்னிப்பாக அளந்து பார்த்தார்கள். பீற்றா தடுப்பு மருந்து பெற்றவர்களில், குழாய் இறக்கும்போது வரும் நாடிக் குதிப்பும் இருதய ஓட்டக் கோளாறும் குறைவாக இருந்தன. அதன் பின் காற்று மறுபக்கம் திரும்பியது. போடுபவர் தொடர்ந்து போடட்டும் என்பதே இன்று வரையுள்ள முடிவு.

நல்லதென்று எல்லாருக்கும் கொடுத்தபோது

காற்று ஒருமுறை திரும்பினால் சிலவேளை அளவுக்கு மிஞ்சியும் வீசும். தொடர்ந்து போடுபவருக்கு நல்லது என்றால், போடாதவருக்கும் சத்திரசிகிச்சை நாளில் கொடுத்தால் என்ன என்ற எண்ணம் வந்தது. 1996லும் 1999லும் வெளிவந்த இரண்டு சிறிய ஆய்வுகள் அது நன்மை தரும் என்று காட்டின. முதலாவதில் 200 பேர், இரண்டாவதில் 112 பேர். பல நாடுகளின் வழிகாட்டி நூல்களில் அது ஏறிவிட்டது.

பின்பு 23 நாடுகளில் 190 ஆஸ்பத்திரிகளில் 8351 பேரை வைத்துப் பெரிய ஆய்வு ஒன்று நடத்தப்பட்டு 2008ல் வெளியாயிற்று. முன்பு பீற்றா தடுப்பு மருந்து போடாதவர்களில் ஒரு பாதிக்குச் சத்திரசிகிச்சைக்கு இரண்டு முதல் நான்கு மணித்தியாலங்களுக்கு முன் மெற்றோபுறலோல் தொடங்கப்பட்டது. மறு பாதிக்கு மருந்தில்லாத வெறுங்குளிசை. மருந்து பெற்றவர்களில் மாரடைப்புக் குறைந்தது உண்மை. நூற்றுக்கு 5.7 ஆக இருந்தது 4.2 ஆயிற்று. ஆனால் இறந்தவர்கள் கூடிவிட்டார்கள். வெறுங்குளிசை பெற்றவர்களில் நூற்றுக்கு 2.3 பேர், மருந்து பெற்றவர்களில் 3.1 பேர். பாரிசவாதமும் 0.5 இலிருந்து 1.0 ஆக, இரு மடங்காயிற்று. ஆயிரம் பேருக்கு என்று கணக்கெடுத்தால், பதினைந்து மாரடைப்பைத் தவிர்த்து, மேலதிகமாக எட்டு உயிரைக் கொடுத்ததாக ஆகிறது. குருதி அமுக்கம் மிகவும் இறங்கிப் போனதே இதற்கு முக்கிய காரணமாகக் காணப்பட்டது. வயலில் நின்று பிடிக்கும் பயிருக்கு நல்ல பசளை, நேற்று நட்ட நாற்றை எரித்துவிடுவதுண்டு.

மேற்படி மருந்துக்குச் சார்பாகப் பல கட்டுரைகளை எழுதிய நெதர்லாந்துப் பேராசிரியர் ஒருவரை, ஆய்வு ஒழுக்கத்தை மீறினார் என்று கூறி 2011ல் அவரது பல்கலைக்கழக வைத்திய நிலையமே வேலையிலிருந்து நீக்கியது. கடதாசியில் எழுதிய ஒரு பொய்யான எண், அதை எழுதியவர் ஒருநாளும் காணாத ஊரில் கட்டிலில் கிடக்கும் ஒருவரைப் போய்த் தாக்கும். இதை வாசிக்கும்போது எனக்கு வந்த கோபம் இன்னும் ஆறவில்லை.

2014இலும் 2024இலும் அமெரிக்க இருதய சங்கங்கள் வெளியிட்ட வழிகாட்டிகளும், 2022ல் ஐரோப்பிய சங்கம் வெளியிட்டதும் இவ்விடயத்தில் ஒத்த கருத்தையே சொல்கின்றன. நெடுநாளாகப் போடுபவர் நிறுத்தாமல் தொடர வேண்டும். சத்திரசிகிச்சை நாளன்று புதிதாகத் தொடங்கக்கூடாது. தொடங்கவேண்டிய தேவை இருந்தால் போதிய காலத்துக்கு முன்னரே தொடங்கி, நாடியையும் அமுக்கத்தையும் பார்த்து அளவைச் சரிசெய்ய வேண்டும்.

இடம்பெயர்ந்தவர்கள் கவனிக்க வேண்டியது

இந்த இரண்டு விதியும் சேர்ந்து எம்மவர்களைத்தான் அதிகம் பாதிக்கின்றன. ஓரிடத்தில் நிலையாக இருப்பவரின் கிளினிக் கொப்பி ஒரே ஆஸ்பத்திரியில் இருக்கும். மருந்தும் மாதந்தோறும் வரும். ஊரைவிட்டு எழும்பியவருக்குக் கொப்பி ஓரிடத்தில், கிளினிக் இன்னோரிடத்தில். பாதையில் இரண்டு கிழமை மருந்தில்லை. அல்லது மருந்து உண்டு, உறை கிழிந்து பெயர் இல்லை. ‘வெள்ளைக் குளிசை, அரைவாசி காலையில்’ என்று மட்டுமே சொல்ல முடிகிறது. வெள்ளைக் குளிசை என்று சொன்னால் வைத்தியருக்கு ஒன்றும் விளங்காது. நூறு மருந்துகள் வெள்ளையாக உள்ளன.

இரண்டு கிழமை மருந்து இல்லாமல் இருந்த ஒருவருக்குச் சத்திரசிகிச்சை வருகிறது என்று வைத்துக்கொள்வோம். முதல் நாள் இரவு மகன் எங்கோ தேடி அதே குளிசையை வாங்கி வருகிறான். நல்ல மனதோடு பழைய அளவில் அப்படியே போடக் கொடுக்கிறான். 2008ம் ஆண்டு ஆய்வில் நடந்ததை இது ஒத்திருக்கிறது அல்லவா? பல நாட்கள் விடுபட்டிருந்தால் அதை மறைக்கக் கூடாது, தானாகத் தொடங்கவும் கூடாது. “இத்தனை நாள் போடவில்லை” என்று வைத்தியரிடம் சொல்ல வேண்டும். பேச்சு வாங்குவோம் என்ற பயத்தில் “ஒழுங்காகப் போடுகிறேன்” என்று சொல்லிவிடுபவர்கள் உண்டு. அந்த ஒரு பொய்யை நம்பித்தான் மயக்கமருந்து வைத்தியர் தமது கணக்கைப் போடுவார். அவசரமில்லாத சத்திரசிகிச்சை என்றால் சில கிழமை தள்ளிப்போடலாம். தள்ளிப்போட்டால் குடி முழுகிவிடாது. ஒரே ஒரு நேரம் தவறியிருந்தால் அடுத்த நேரம் வழமையான அளவைப் போடலாம், இரண்டாகச் சேர்த்துப் போடக் கூடாது.

பக்கத்துக் கொட்டிலில் இருப்பவரின் குளிசையைக் கடன் வாங்குவதும் நடக்கிறது. “எனக்கும் பிறஷர், உனக்கும் பிறஷர்” என்று நினைக்கிறார்கள். தொய்வு அல்லது முட்டு என்று நாம் சொல்லும் ஆஸ்துமா உள்ள ஒருவர் புறொப்பிரனலோல் போட்டால் மூச்சுக்குழாய்கள் இறுகி, கொட்டிலிலேயே உயிர் போகக்கூடும். நுரையீரலிலும் பீற்றாப் பூட்டுகள் இருக்கின்றன. அவற்றைத் திறந்து மூச்சை இலேசாக்குவதுதான் முன்சொன்ன சல்பூற்றமோலின் வேலை.

ஆகவே மருந்தின் பெயரையும் அளவையும் ஒரு துண்டில் எழுதி, அடையாள அட்டையோடும் குடும்ப அட்டையோடும் ஒரே பொலித்தீன் பையில் போட்டு வைத்திருங்கள். கம்பனிப் பெயர் வேண்டாம், மருந்தின் பொதுப்பெயரே வேண்டும். ஒரே அற்றெனலோலைப் பல கம்பனிகள் பல பெயரில் விற்கின்றன. இந்நாட்டில் மருந்துகளைப் பொதுப்பெயரால் வாங்கவும் வழங்கவும் வழிசெய்தவர் பேராசிரியர் சேனக பிபிலே. 1971ல் தொடங்கப்பட்ட அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனம் அவரது உழைப்பின் பலன். ஆங்கிலத்தில் எழுத வராதென்றால் தமிழில் எழுதினாலும் போதும். மருந்து கொடுக்கும் மேசையில் இருப்பவரையோ, படிக்கும் பிள்ளையையோ கேட்டு எழுதுவியுங்கள். மானிப்பாயில் மிசன் வைத்தியராக இருந்த சாமுவேல் கிறீன் வைத்திய நூல்களையே தமிழில் ஆக்கி, தமிழிலேயே வைத்தியம் படிப்பித்தார். அது பத்தொன்பதாம் நூற்றாண்டில்.

அன்று காலை

உணவை ஆறு மணித்தியாலங்களுக்கு முன் நிறுத்தச் சொல்வது, மயங்கிக் கிடக்கும்போது வயிற்றிலிருப்பது மேலெழுந்து நுரையீரலுக்குள் போய்விடாதிருக்கவே. வெறுந்தண்ணீர் அவ்வளவு ஆபத்தில்லை. இரண்டு மணித்தியாலங்களுக்கு முன் வரை குடிக்கலாம் என்பது பொது வழக்கம். பீற்றா தடுப்புக் குளிசையை ஒரு வாய் தண்ணீருடன் அன்று காலையிலும் போடச் சொல்வார்கள். நாடி மிகவும் மெதுவாகவோ அமுக்கம் மிகக் குறைவாகவோ இருந்தால் மட்டும் வேண்டாம் என்பார்கள். எப்படியும் வாட்டில் கேட்டு, அவர்கள் சொல்வதைச் செய்யுங்கள்.

ஆனால் இதை எல்லாக் குளிசைக்கும் பொருத்திவிட வேண்டாம். நீரிழிவுக் குளிசையைப் பட்டினி வயிற்றில் போட்டால் சீனி இறங்கி மயக்கம் வரக்கூடும். எனலபிரில், லொசாட்டன் போன்ற வேறு பிறஷர் குளிசைகளை அன்று நிறுத்தச் சொல்வதும் உண்டு. அதனால் ‘என் குளிசைகளில் எதைப் போட, எதை விட?’ என்று ஒவ்வொன்றாகக் கேளுங்கள். இது அதிகப்பிரசங்கித்தனம் அல்ல.

மயக்கமருந்து வைத்தியருக்கு ஏன் கட்டாயம் தெரிய வேண்டும்? இரத்தம் இழக்கும்போது நாடி விரைவதுதான் உடல் தரும் முதல் அபாய அறிவிப்பு. குளிசை போட்டவரில் அந்த அறிவிப்பு அமுங்கிவிடும். இரத்தம் போய்க்கொண்டிருக்கும், நாடியோ எழுபதைத் தாண்டாது. தெரிந்திருந்தால் வைத்தியர் நாடியை நம்பாமல் மற்றவற்றைப் பார்ப்பார். சீனி இறங்கும்போது வரும் நெஞ்சுப் படபடப்பும் கைநடுக்கமும் இப்படியே மறைந்துபோகும். வியர்வை மட்டும் மறையாது. முள்ளந்தண்டில் போடும் விறைப்பூசியும் அமுக்கத்தை இறக்கும், சிலவேளை நாடியையும் மெதுவாக்கும். இரண்டும் சேருமென்று தெரிந்தவர் அற்றோப்பீன் ஊசியைக் கையருகில் வைத்திருப்பார். நாடி ஏறினாலும் அவர்களிடம் வழி உண்டு. எஸ்மலோல் என்ற ஊசி மருந்தின் வேகம் ஏறத்தாழ ஒன்பது நிமிடத்தில் பாதியாகிவிடும். தேவைப்படும்போது கொடுத்து, தேவையில்லாதபோது விட்டுவிடலாம்.

சத்திரசிகிச்சை முடிந்த பின்பு குளிசையை மறந்துபோவதுதான் அதிகம் நடக்கிறது. வாட்டு மாறுகிறது, துண்டு மாறுகிறது, பழைய குளிசை விடுபடுகிறது. மாரடைப்பு அதிகம் வருவது சத்திரசிகிச்சைக்குப் பிந்திய முதல் சில நாட்களிலேயே. “என் பழைய குளிசையை எப்போது தொடங்குவது?” என்று நோயாளியோ கூட நிற்பவரோ அன்றே கேட்க வேண்டும்.

பிறஷருக்கு மட்டும் இம்மருந்து கொடுக்கப்படுவதில்லை. ஒற்றைத் தலைவலிக்கும், கைநடுக்கத்துக்கும், தைரொயிட் மிஞ்சிய கண்டக்கழலைக்கும், ஈரல் நோயாளருக்கும் புறொப்பிரனலோல் கொடுப்பார்கள். கண் அமுக்கத்துக்கு விடும் திமோலோல் துளியும் இதே வகைதான். துளிதானே என்று எண்ண வேண்டாம். கண்ணில் விடுவது மூக்கின் வழியாகக் குருதியில் சேருகிறது. பல் பிடுங்குபவரிடமும் சொல்லுங்கள். அவர் போடும் விறைப்பூசியில் சிறிதளவு அதிரனலின் கலந்திருக்கும்.

இனி வயலுக்கு வருவோம். பாம்பு கடித்து ஆஸ்பத்திரிக்குப் போனால் விஷமுறிவு ஊசி ஏற்றுவார்கள். அந்த ஊசிக்கே உடல் ஒவ்வாமை காட்டுவது இங்கு மிகவும் அதிகம். இலங்கையில் மூன்று வைத்தியசாலைகளில் 1007 பேரை வைத்து நடத்தி 2011ல் வெளியான ஆய்வில், நூற்றுக்கு எழுபத்தைந்து பேருக்கு ஏதோவொரு அளவில் ஒவ்வாமை வந்தது. ஊசிக்கு முன் சிறிதளவு அதிரனலின் போட்டபோது கடுமையான ஒவ்வாமை நன்கு குறைந்தது. ஒவ்வாமை வந்துவிட்டாலும் உயிரைக் காப்பது அதிரனலின்தான். ஆனால் ‘லோல்’ குளிசை போட்டவரில் பூட்டுகள் அடைபட்டிருப்பதால் அதிரனலின் வழமைபோல் பிடிக்காது. அப்போது குளுக்ககோன் என்ற வேறொரு மருந்து தேவைப்படலாம். கடிபட்டவர் பேசமுடியாத நிலையில் கொண்டுவரப்படும்போது வைத்தியருக்கு இதைச் சொல்லக்கூடியது, பொலித்தீன் பையில் இருக்கும் அந்தத் துண்டுதான். வயலுக்குப் போகிறவர் அதை வீட்டில் விட்டுப் போவார். ஆகவே அது எங்கே இருக்கிறதென்று வீட்டிலுள்ள இன்னொருவருக்கும் தெரிந்திருக்கட்டும்.